ஏழாம் நம்பர் குக்கர்

பேட்டையில் குக்கர் செய்யும் பட்டறையில் அப்போது எனக்கு வேலை. சோதித்த குக்கரின் அடியில் அவரவர் நம்பரைக் குத்துவோம். எனக்கு ஏழு, என்னோடு வேலைக்குச் சேர்ந்த மரகதத்துக்கு எட்டு. எல்லோரும் அவளையே புகழ்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தீபாவளி நெருக்கடியில் சூப்பர்வைசர், "சோதிக்க நேரமில்ல, சும்மா குத்துங்க" என்றார். மரகதம் மறுத்தாள். அவளை முந்தவே சோதிக்காமல் நாற்பது குக்கரில் குத்தினேன். "இவளைப் பாத்துப் படி" என்று என்னைக் காட்டி அவளைத் திட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் தீபாவளிக்கென்று எங்களுக்கு ஆளுக்கொரு குக்கர் கொடுத்தார்கள். மரகதத்துக்கு வந்ததன் அடியில் என் ஏழாம் நம்பர்!

"ஏட்டி, இதைச் சோதிச்சியா? வீட்ல சின்னப்பிள்ளைக இருக்கு."

"ஆமா" என்றேன்.

அவள் பஸ் ஏறப் போனதும் மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பிடுங்கி வந்து சோதித்தேன். விரிசல் வழியே தண்ணீர் பீய்ச்சியடித்தது.

என் பின்னாலேயே வந்த மரகதம் அதைப் பார்த்துவிட்டு, நான் குத்திய மீதியையும் லாரியில் ஏற்றுமுன் என்னோடு உட்கார்ந்து சோதித்தாள்; யாரிடமும் சொல்லவில்லை.

இன்று சோதிக்காத எதையும் நான் சரியென்று ஒப்புவதில்லை. ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்காததிலும் அவளே முந்திவிட்டாளே என்று இன்னும் வயிறு எரிகிறது.