விளக்கு எரியும் நேரத்துக் கதை

சங்கரன்கோவில் டென்ட் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள். அடுத்ததை மாட்டும்வரை பெண்கள் பக்கத்து மணலில் பேச்சுதான்.

அன்று ஓடியது, மனைவியைப் பறிகொடுத்துத் தனியாக இருப்பவனின் படம். மழையும் நிழலும் உடம்பைச் சிலிர்க்க வைத்தன. கதைதான் ரீலுக்கு ரீல் ஒட்டவில்லை. அவன் ஏன் கண்ணாடியைத் துணியால் மூடுகிறான் என்று எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

விளக்கு வந்ததும் என் அண்ணன் மனைவி, மதினி, சொன்னாள்: "அவ சாவும்போது இவன் பக்கத்துல இல்ல. அதான் தன் மூஞ்சியப் பாக்கப் பயப்படுதான்."

முன்வரிசைப் பெண்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். "அப்போ அந்தப் பூட்டுன ரூம்பு?" என்றாள் ஒருத்தி. மதினி அதற்கும் பதில் வைத்திருந்தாள். படம் முடிந்தபோது பெண்கள் பக்கம் முழுக்க அழுதது.

பிறகு என் வீட்டுக்காரரோடு அதே படத்தைத் திருநெல்வேலித் தியேட்டரில் பார்த்தேன். அங்கே இடைவேளையைத் தவிர எங்கும் விளக்கே போடவில்லை. வெளியே வந்தவர்கள் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்றார்கள்.

"உனக்கு மட்டும் வெளங்கிச்சாக்கும்?" என்றார் அவர்.

"எல்லாம் வெளங்கிச்சு. நான் சங்கரன்கோயில்ல பாத்தவ" என்றேன்.