கையில் ஒரு கிளினிக் கொப்பி

எங்கள் தோட்டத்துப் பாதையில் யாரைக் கண்டாலும் "எங்க பயணம்?" என்று கேட்பார்கள். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கேயும் போகாமல் நடக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனவளுக்கு, சும்மா நடக்கிறேன் என்று சொல்லப் பயம். அதனால் ஆஸ்பத்திரியில் மருந்து எழுதித் தரும் பழைய கிளினிக் கொப்பி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "பதுளை டவுனுக்கு, மருந்து எடுக்க" என்று சொல்லிவிடுவேன். மருந்து என்றால் மேலே கேட்கமாட்டார்கள்.

போகுமிடம் ஒன்று இருந்தால் எனக்கு நிம்மதி கிடையாது. பஸ் வருமா, அடையாள அட்டையை எடுத்தேனா, கந்தோரில் கையெழுத்துப் போடுகிற ஐயா இருப்பாரா என்று நினைத்துக்கொண்டே போவேன். போகுமிடம் இல்லையென்றால் பிந்துவதற்கும் ஒன்றுமில்லை. பாதை பிரிகிற இடத்தில் ஏற்றம் குறைந்த பக்கம் திரும்புவேன். ஒருநாள் ஒரு நாயின் பின்னால் போய், யாரோ ஒருவருடைய தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியடியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காலில் அட்டைப்பூச்சி கடித்தது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பினால் உள்ளே ஆட்கள். நாத்தனார் பிஸ்கட்டும் அப்பிளும் கொண்டுவந்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். என் புருஷன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். "என்னா வருத்தம்னு ஊரே எங்கிட்ட கேக்குது. எனக்குத்தான் தெரியல."

"வருத்தம் ஒன்னும் இல்லங்க. சும்மா நடக்கப் போனேன்."

"சும்மாவா? எங்க?"

"எங்கயும் இல்ல."

"அத எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"எங்கன்னு சொல்றது?"

"அப்ப அந்த அப்பிள இங்கிட்டு குடுங்க, எனக்குத்தான் மயக்கம் வருது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நாத்தனார் சிரித்துவிட்டார். என் புருஷன் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க என்னிடம் அதிகம் பேசவுமில்லை. இனி நடை இல்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கொப்பியை அலுமாரியிலேயே விட்டுவிட்டு, குடையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர்ப் பீலியடியில் கால் கழுவிக்கொண்டிருந்த என் புருஷன் என் கையைப் பார்த்தார். "எங்க" என்று வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"எத்தன மணிக்கு வருவே?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. "அஞ்சரைக்கு."

தலையாட்டினார். பாதையில் நாலேகாலிலிருந்தே நான் மணி பார்க்கத் தொடங்கிவிட்டேன்.