அக்கா வீட்டுச் சுவரில் நடந்தவள்

என் மகள் முதலில் நடந்தது எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

மலைமேல் மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில், தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். அவளுக்கு ஒரு வயது நிறையாத மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி விடவே இல்லை. கொஞ்ச நாள் கீழே, வெயில் உள்ள ஊரில் வைத்திருங்கள் என்றார் டாக்டர். மாமியார் படுக்கையில் இருந்ததால் என்னால் நகர முடியவில்லை. பாலக்காட்டில், நாங்கள் வளர்ந்த தெருவிலேயே இருக்கும் அக்காவிடம் குழந்தையை விட்டேன். வெறுங்கையோடு விடக்கூடாதே என்று மறையூர் வெல்லமும் கொடுத்தனுப்பினேன்.

மழை விட்டதும் குழந்தை திரும்பி வந்தாள். சில நாளில் அடுப்படியிலிருந்து வாசற்படிவரை நடந்து வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அழுதுவிட்டேன். குழந்தை முதலில் நடந்தால் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கம் கொடுப்பது எங்கள் வழக்கம், கொடுத்தேன். அக்காவுக்கும் எழுதினேன். 'ரொம்ப சந்தோஷம்' என்று பதில் வந்தது.

அடுத்த கோடையில் அக்கா வீட்டுக்குப் போனோம். மச்சானுக்கு அவர் தம்பி துபாயிலிருந்து ஒரு சின்ன சினிமா கேமரா கொண்டுவந்து கொடுத்திருந்தார். எடுத்த படம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வந்திருந்தது. மத்தியானத்திலேயே ஜன்னல்களுக்குப் போர்வை மாட்டி, வெள்ளைச் சுவரில் ஓட்டினார். பக்கத்து வீட்டம்மாவும் பார்க்க வந்திருந்தார்.

சத்தமில்லாத படம். நான் வளர்ந்த தெரு. கோட்டை மைதானத்துப் பக்கம் திரும்பும் பஸ், கடை வாசலில் தண்ணீர் தெளிப்பவர், மழைக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடப் பெண்கள். அந்த வயதில் அதே கூரையடியில் தாவணியைப் பிழிந்துகொண்டு நானும் நின்றிருக்கிறேன். நான் இல்லாமலும் அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு என் மகள் வந்தாள். அக்காவின் பச்சைச் சேலையைப் பிடித்திருந்தவள் கையை விட்டாள். தள்ளாடித் தள்ளாடித் தெருவில் நடந்தாள். காய்கறிக்காரர் வண்டியை நிறுத்திக் கைதட்டினார். அடுத்து, அக்கா தட்டோடு வீடு வீடாகப் போனாள். தட்டில் கொழுக்கட்டை.

“மொதோ கொழுக்கட்டை எனக்குத்தானுங்க! வெல்லம் என்னமா மணந்துச்சு!” என்றார் பக்கத்து வீட்டம்மா.

நான் அனுப்பிய வெல்லம்.

“பாரு புள்ள, கைதட்டுன சத்தத்துல உம் மக பயந்து உக்காந்துட்டா!” என்று மச்சான் சிரித்தார். அக்கா அவரை முறைத்தாள். அந்த அறையில் இது தெரியாதவள் நான் ஒருத்திதான் என்று அப்போதுதான் புரிந்தது.

சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். “ஏனக்கா எழுதல?”

“நீ சங்கடப்படுவீன்னுதான் புள்ள. உன்ற கண்ணு முன்னால நடக்கறதே மொதோ நடையா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“தெருவுக்கெல்லாம் கொழுக்கட்டை குடுத்துட்டு?”

“கொழந்த நடந்தா குடுக்காம இருக்க முடியுமா? சாமி குத்தமாயிருமில்ல?”

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசின் மேலும் எனக்குப் பொறாமை. முதல் நடையும் அவளுக்கு, அதை மறைத்த பெருந்தன்மையும் அவளுக்கு, வேண்டும்போது போட்டுப் பார்க்கப் படமும் அவளுக்கு. எனக்கு என் வீட்டு அடுப்படி மட்டும்.

மகளுக்கு இப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது. தலை பின்னும்போதெல்லாம், “நான் மொதல்ல எங்கம்மா நடந்தேன்?” என்று கேட்கிறாள். “இங்கதான், என்கிட்ட” என்கிறேன். அவளுக்கு அது பிடித்த கதை.

அவள் பிறந்தநாளுக்குப் படம் ஓட்டும் மெஷினோடு மலையேறி வருவதாக அக்கா எழுதியிருக்கிறாள். வேண்டாம் என்றால் அக்கா வருந்துவாள். அம்மா வளர்ந்த தெருவை மகள் பார்க்கட்டுமே என்றும் தோன்றுகிறது. உடனே அந்தப் பச்சைச் சேலை நினைவுக்கு வந்து, எடுத்த பேனாவை வைத்துவிடுகிறேன்.

இதைப் படிக்கும் அம்மாக்களிடம் கேட்கிறேன். அக்கா வருமுன் நானே மகளிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா, இல்லை சாக்குச் சொல்லி அந்தப் படத்தைத் தள்ளிப்போடட்டுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.