பதில் வரும்வரை

இணையத்தில் பாடம் நடத்துவதைப் பற்றி என் மனைவி முதுகலைப் படிப்பு படித்தாள். செய்முறைத் தேர்வன்று, எங்கள் பகுதியான நீலசந்திராவில் ஒரு பிரவுசிங் சென்டரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு அவள் கம்ப்யூட்டரில் எழுதியே பாடம் நடத்த வேண்டும். தேர்வாளரும் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பார். தவறினால் ஒரு வருடம் வீண்.

நிழலில் போட்ட துணி எப்படிக் காய்கிறது என்று கேட்டு எழுதினாள். திரையில் பதிலே வரவில்லை. நான் அவள் காதருகே குனிந்தேன்.

"லைன் போயிடுச்சும்மா. பதிலை நீயே அடிச்சுடு. சும்மா இருந்தா மார்க் குறைச்சுடுவாங்க."

"லைன் இருக்குங்க. பசங்க யோசிக்கிறாங்க."

"ஆளே இல்லன்னா?"

"நீங்களும் கொஞ்சம் யோசிங்களேன். எனக்கு நிம்மதியா இருக்கும்."

கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் எட்டாவதோடு நின்றவன். என் வகுப்பில் கொஞ்சம் தயங்கினால் கேள்வி அடுத்தவனுக்குப் போய்விடும். இப்படிக் காத்திருந்த டீச்சரை நான் பார்த்ததே இல்லை.

ஒரு பதில் வந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. கடைசியில் தேர்வாளர், அவசரப்படாமல் நடத்தினீர்கள், தேர்ச்சி என்று எழுதினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அந்தத் துணிக்குக் காத்துதானே பதில்?" என்று கேட்டேன்.

"இவ்வளவு நேரமா யோசிச்சீங்க?"

"நீதானே யோசிக்கச் சொன்னே."