யானைக்குப் பின்னால் நின்ற அரசி

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறையூரிலிருந்து மூணாறு போகும் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு யானையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நான் ஒப்பாரி பாடினேன். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

மூணாறில் எங்கள் எஸ்டேட் கலைமன்றத்தில் பழைய சங்கீத நாடகம் ஒன்றைப் போடுவதாக முடிவு செய்திருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு ஷிஃப்ட். வேஷம் கட்டி ஒத்திகை பார்க்க யாருக்கு நேரம்? அதனால் கச்சேரி மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்றார் ஆர்மோனியக்காரர். வேஷம் கிடையாது, திரை கிடையாது. மேடையில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வேண்டும். முறை வரும்போது எழுந்து மைக் முன்னால் நின்று பாட்டை மட்டும் பாட வேண்டும். இடையில் ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். அந்த ஆர்மோனியக்காரர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான்.

எனக்கு அரசி பாத்திரம். போரில் செத்த மகனைப் பார்த்து அரசி அழும் பாட்டுதான் நாடகத்துக்கே உயிர். வருஷக்கணக்காகக் கோரஸில் நின்றவளுக்கு முதல்முறையாகக் கிடைத்த வாய்ப்பு. கொழுந்து கிள்ளும்போதும் சமைக்கும்போதும் அதையே பாடி எல்லோர் காதையும் அறுத்திருந்தேன். என் நாத்தனாருக்கும் அந்தப் பாட்டு தலைகீழ்ப் பாடம். குரலும் என்னுடையதைவிட நல்ல குரல். அதுதான் எனக்குப் பயம்.

நாடகத்தன்று பார்த்து மறையூரில் வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சு. குடும்பத்தில் ஒருவராவது தலையைக் காட்ட வேண்டுமாம். அவருக்கு மேடை வேலையாம். நாத்தனாருக்குத் தலைவலியாம். ஆக, அரசிதான் போக வேண்டும். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று அனுப்பிவைத்தார்கள். ஏறும்போதே எனக்குச் சந்தேகம்தான்.

திரும்பும் வழியில், தேயிலைக் காட்டு வளைவு ஒன்றில் பேருந்து நின்றது. நடுரோட்டில் யானை. ஒடித்த கிளையைக் காலடியில் போட்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. பின்சீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் போன் போட்டு, ஆனை, ஆனை என்று தகவல் சொன்னார். சிலர் ஜன்னலில் தொங்கிப் படம் எடுத்தார்கள். எப்போது கிளம்பும் என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"ஆனை மாறாதே வண்டி எடுக்கான் பற்றில்ல, சேச்சி" என்று, யானை விலகாமல் வண்டி நகராது என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அங்கே நாடகம் தொடங்கிவிட்டது. இடைவேளையில் வீட்டுக்காரர் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கத்தினார். யானைக்குப் பின்னால் என்று நானும் கத்தினேன். பக்கத்தில் யாரிடமோ என்னவோ கேட்டுவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"இங்க பாரு, நடிப்பா கிடிப்பா, பாட்டு மட்டுந்தானே. போன்லயே பாடிரு. மைக்குல வச்சிருதோம்."

நாத்தனாரைப் பாடச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

ஓட்டுநர் பக்கத்தில் மட்டும்தான் டவர் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் மிரண்டுபோனார். சத்தம் கேட்டு யானை திரும்பினால் யார் பொறுப்பு என்றார். மெதுவாகப் பாடுகிறேன் என்று கெஞ்சினேன். தூக்கம் கலைந்த நடத்துநர் எழுந்து எல்லோரையும் கையமர்த்தினார். பின்சீட்டுக்காரர்கூட அடங்கிவிட்டார்.

தொண்டையை அடக்கி ஆரம்பித்தேன். போனில் ஆர்மோனியம் பிந்திப் பிந்தி வந்தது. நிறுத்தித் தொலையுங்கள் என்று மகன் பிணத்தருகே நிற்கும் அரசி கத்தவா முடியும்? காதிலிருந்து போனை எடுத்து வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பாடினேன். குரல் மேலே போக வேண்டிய இடம் வந்தது. அங்கே பார்த்து இணைப்பு அறுந்தது.

திரும்பப் போட்டேன். எடுத்தார்கள். காதில் வைத்தால், நாத்தனார் பாடிக்கொண்டிருக்கிறாள். என் பாட்டை, நான் விட்ட இடத்திலிருந்து, துளிப் பிசிறில்லாமல். அதானே பார்த்தேன், இதற்குத்தானே தலைவலி என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யானை மட்டும் இல்லையென்றால் இறங்கி நடந்தே போய்ச் சண்டை பிடித்திருப்பேன்.

அந்த அடியை முடித்ததும் பாட்டு நின்றது. போனுக்குள் அவள் குரல் மெதுவாக வந்தது.

"மதினி, லைன் கெடச்சிட்டா? அடுத்த அடி உங்களோடது. நான் பிடிச்சிக்கிட்டு நிக்கேன், பாடுங்க."

ஆரம்பத்திலிருந்தே போனை மைக்கில் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. மிச்சத்தைப் பாடினேன். நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. சபை அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது போனில் கேட்டது.

யானை அதற்குப் பிறகும் வெகுநேரம் தின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது மன்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, மரத்துப்போன கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். முழுவதையும் நீயே பாடியிருக்கலாமே, யார் கேட்கப்போகிறார்கள் என்றேன்.

"உங்க பாட்டுல்லா மதினி" என்றாள், ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் அந்த அடுத்த அடியைத் திருப்பிக் கொடுத்திருப்பேனா என்று இன்றும் என்னையே கேட்டுப் பார்க்கிறேன். சட்டென்று பதில் வராதபோதெல்லாம், ஏனோ எனக்கு அவள்மேல்தான் எரிச்சல் வருகிறது.