சீட்டு இல்லாத பெட்டிகள்

“பட்டாசுக்கு மருந்து அடைக்கிறவ மகளுக்கு லெட்டர் எழுத வருமாக்கும்?” என்று மேனேஜர் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, என்னை அழைத்துப் போயிருந்த டீச்சரிடம் கேட்டார். நான் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிழை தேடினார், கிடைக்கவில்லை. மறுநாள் முதல் அந்தச் சிவகாசிக் கம்பெனியில் தபால் பார்க்கும் வேலை எனக்கு. எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அங்கேதான் அம்மாவும் பதினாலாம் ரூமில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தாள். புஸ்வாணம் அந்த ஒரு ரூமில் மட்டும்தான். பெட்டி கட்டும்போது ரூம் நம்பர் எழுதிய சின்னச் சீட்டு ஒன்றை உள்ளே போடுவது கம்பெனி வழக்கம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பதினாலு மட்டும் தெரியும்.

மேனேஜருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் நாலு ஷெட் போட்டுப் பட்டாசு செய்தவர். மேனேஜரின் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் அணைக்கரையில் மீன் பொரித்துச் சாப்பிடுவார்கள். அந்த சீசனில் ஆர்டர் மிஞ்சிப் போகவே, சிநேகிதரின் புஸ்வாணம் எங்கள் குடோனுக்கு வந்து எங்கள் லேபிளை ஒட்டிக்கொண்டது. லோடு ஏறுமுன் நாலைந்தைக் கொளுத்திப் பார்ப்பது ஃபோர்மேன் வேலை. இதையும் பார்க்கவா என்று அவர் கேட்டார்.

“அவன் சரக்கையா கொளுத்திப் பாக்கணும்ங்கிறீக? ஞாயித்துக்கிழமை அவன் மூஞ்சியில நான் எப்படி முழிக்க?” என்றார் மேனேஜர். ஃபோர்மேன் தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தீபாவளி முடிந்து வெளியூர் வியாபாரி ஒருவரிடமிருந்து கடிதமும் நாலு காலிப் பெட்டிகளும் வந்தன. புஸ்வாணம் பூவாகக் கொட்டாமல் வெடித்திருக்கிறது. ஒரு குழந்தைக்குப் புருவம் கருகிவிட்டது. உங்கள் லேபிளைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோம், இனி அந்த லேபிள் என் கடைக்குள் வராது என்று எழுதியிருந்தார்.

மேனேஜர் பதில் சொல்லத் தொடங்கினார். பதினாலாம் ரூம் பெண்களின் கவனக்குறைவு, எட்டுப் பேரையும் வேலையிலிருந்து நிறுத்துகிறோம் என்று எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றிலும் சீட்டு இல்லை.

“போட மறந்திருப்பாளுக.”

“நாலு பெட்டிக்குமா சார்?”

“ஆத்தாளைக் காப்பாத்தப் பாக்குற.”

“ஆமா சார். நீங்க உங்க சிநேகிதரைக் காப்பாத்தப் பாக்குறீக. எங்கம்மா தப்புப் பண்ணல.”

நாளைக்குக் கடிதம் மேஜையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்பதாவது ஆளாக நீயும் போகலாம் என்றார்.

அவர் சிநேகிதம் வைத்துக்கொண்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தங்கைக்கு நல்ல இடம் பார்த்துக் கொடுத்தவரை மறக்கக் கூடாதுதான். ஆனால் அந்த நன்றிக்கு அவர் தூக்கிக் கொடுத்தது அவருடைய பொருள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிற பெயர் அந்த எட்டுப் பேரின் விரலில் இருந்து வந்தது. அதைக் கொடுக்க அவர் யார்?

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். “எழுதிக் குடுத்துரு புள்ள. ஒன் வேலையாச்சும் மிஞ்சட்டும்” என்றாள். அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பினாள். “சீட்டுப் போடாம நாங்க ஒரு பெட்டி கட்டுனதில்லன்னு அதுல எழுதுவியா?”

எழுதினேன். வியாபாரிக்கு இல்லை, முதலாளிக்கு. அவர் விருதுநகரில் இருந்தார், பூஜைக்கு மட்டும் கம்பெனிப் பக்கம் வருவார். எட்டுப் பெண்களும் கடிதத்தின் அடியில் கைநாட்டு வைத்தார்கள். ஒன்பதாவதாக நான் முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் மேஜையில் கடிதம் இல்லை. நான் முதல் பஸ்ஸில் விருதுநகருக்குப் போய், மடியில் வைத்துக் கொண்டுவந்த நாலு காலிப் பெட்டிகளையும் அவற்றின் மேல் அந்தக் கடிதத்தையும் கையில் அடுக்கிக்கொண்டு, முதலாளி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டிருந்தேன்.