வா 6

எங்கள் வீட்டுக்கு எதிரே, ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையோரம், ஒரு பழைய மைல்கல் நின்றது. லாரி இடித்ததில் ஊர்ப்பெயர் உடைந்து ‘வா’ மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் கீழே 6. வாலாஜாபாத் ஆறு மைல் என்று பொருள். வெள்ளைக்காரப் பட்டாளம் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் நடந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வார். பட்டாளத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்ற சந்தேகம் எனக்குப் பிற்பாடுதான் வந்தது. அப்பாவிடம் கேட்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம். தவக்காலம் என்பதில் ஐயமில்லை. வீட்டில் கறி நிறுத்தியிருந்தார்கள். ஈஸ்டர் முடிந்ததும் மறைமலை நகரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அப்பாவின் தங்கையான அத்தைக்கு அந்தத் தவக்காலத்தில் பக்தி முற்றியது. சில வாரம் மாலை ஆறு மணிக்கு, குகைபோல் கட்டிய மாதா கெபிக்கு ஜெபிக்கப் போவாள். சில வாரம் காலை எட்டு மணிக்கு. “மாதாவுக்கும் ஷிப்ட் போட்டுட்டாங்களா?” என்பாள் அம்மா. வீட்டிலிருந்த ஒரே செல்போன் அப்பாவின் சட்டைப்பையில் வசித்தது.

பள்ளிக்குக் கிளம்பும்போது கல்லை ஒருமுறை படித்துவிட்டுப் போவது என் வழக்கம். ஒரு திங்கட்கிழமை அதில் வா 8 என்றிருந்தது. அடுத்த வாரம் 6. அதற்கடுத்த வாரம் மறுபடி 8. இதை யாரிடம் முறையிடுவது?

சாலையை அகலப்படுத்த அளவெடுக்க ஒரு சர்வேயர் காலையிலேயே வந்திருந்தார். அவரிடம் முறையிட்டேன்.

“இன்னா பாப்பா, வாலாஜாபாத் நடந்து போய்கினு கீறியா?” என்று சிரித்தவர், எட்டை விரலால் தேய்த்தார். விரல் கறுத்தது, கல்லில் ஆறு மிஞ்சியது. யாரோ ஆறின் தலையை அடுப்புக்கரியால் வளைத்து மூடியிருந்தார்கள்.

“எவன்டா அவன், சரித்திரத்துல கை வெச்சவன்?” என்று அப்பா சாலையைப் பார்த்துக் கத்தினார். சாலையில் அப்போது ஒருவர்தான் இருந்தார். டீக்கடை மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த தெற்கத்தி அண்ணன். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தார்.

“வெறும் கரிதான அண்ணாச்சி, மழை பேஞ்சா போயிரும்லா” என்றார், யாரும் கேட்காமலே. பங்குனி வானத்தில் ஒரு மேகம் இல்லை. சர்வேயருக்குத் தண்ணீர் கொண்டுவந்த அத்தை, சொம்பைத் தானே குடித்துத் தீர்த்தாள்.

அப்பா வெள்ளையும் கறுப்புமாக எனாமல் பெயின்ட் வாங்கிவந்து, எண் இருந்த இடம் முழுக்க வெள்ளை பூசினார். கண்டுபிடித்தது நான் என்பதால் பிரஷ் என் கையில். அந்த ஆறை எழுதிய அக்கறையோடு இன்றுவரை நான் எதையும் எழுதியதில்லை. கல்லுக்குக் காவலும் நானே.

அடுத்த வாரம் அத்தை மாலை ஆறு மணிக்குக் கெபிக்குப் போய், முகம் சிவந்து திரும்பினாள். மறுநாளும் அப்படியே. யாருக்கோ இரவு ஷிப்ட் நீண்டுபோயிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் என்னைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப்போனாள்.

“அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிட்டு வாடி. ஜவ்வு மிட்டாய் வாங்கித் தரேன்.”

மிட்டாய்க்காகச் சரித்திரத்தைச் சுரண்டுவதா? “ஆறு மைல்னா ஆறு மைல்தான், அத்தை” என்றேன்.

“மைலாடி இப்போ முக்கியம்? ஈஸ்டர் வந்துட்டுது!” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, முகம் கழுவி, நேரே அப்பா இருந்த அறைக்குப் போனாள். சற்று நேரத்தில் அப்பாவின் குரல் கூரையைத் தொட்டது. “என் கல்லுலயா? என் கல்லுலயா எழுதினான்?”

கல்லுக்கு ஆபத்து என்று புரிந்து வெளியே ஓடினேன். தெற்கத்தி அண்ணன் கையில் கரித்துண்டோடு கல்லின் முன் குனிந்திருந்தார். எனாமலின் வழவழப்பில் கரி ஒட்டவில்லை.

“கரியக் கீழ போடுங்க” என்றேன். போட்டுவிட்டார்.

“அத்தை எங்க பாப்பா?”

“அப்பாகிட்ட கல்லப் பத்தி சொல்லிகினு கீறாங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான்.”

அவர் வா 6-ஐயே கொஞ்ச நேரம் பார்த்தார். கையைப் பேன்ட்டில் துடைத்து, பேன்ட் கரியானதைக் கண்டு வருந்தி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, சாலையைக் கடந்து எங்கள் வீட்டுக்கு நடந்தார்.

கல்லைக் கெடுத்தவரைக் கையும் கரியுமாகப் பிடித்து, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க அனுப்பிவைத்திருக்கிறேன் என்றுதான் அன்று நினைத்தேன்.